பணச் சலவைத் தடுப்பும் தொழிலறிஞர் பொறுப்பும்

தவறான வழியில் வந்த பணத்தை ஈட்டுவது எளிதாயிருக்கலாம், அனுபவிப்பது எளிதன்று. அதைக் கொண்டு வீடு வாங்கினாலும், தொழில் தொடங்கினாலும், பிள்ளையை அயல்நாட்டிற்குப் படிக்க அனுப்பினாலும், "இத்தொகை உமக்கு எவ்வாறு வந்தது?" என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவிற்குப் பொய்யான விடையொன்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்து, அதற்குத் தாள்களையும் கணக்குகளையும் சான்றாகப் படைத்து வைப்பதே பணச் சலவை. அழுக்குத் துணி வெளுத்து வருவதுபோல், குற்றத்தில் பிறந்த பணம் நேர்மையான வருமானத்தின் தோற்றத்தைப் பெற்று வருதலின், இப்பெயர் பொருந்துவதாயிற்று.

இச்சலவையைத் தடுக்கும் பொறுப்பு நெடுங்காலம் பெரும்பாலும் வங்கிகளின் மேலேயே சுமத்தப்பட்டிருந்தது. இன்றோ பல நாடுகளில் வழக்கறிஞரும் கணக்கரும் அப்பொறுப்பை ஏற்கவேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. இது முறையா? கட்சிக்காரரின் நம்பிக்கைக்கு உரியவரை அரசாங்கத்தின் ஒற்றராக ஆக்குவது தகுமா? தகுமெனில், அவர் தம் கடமையைச் செய்கின்றாரா என்று மேற்பார்வை செய்ய வேண்டியவர் யார்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டமும் வணிகவியலும் பயிலும் நம் தோழர்கள் சில ஆண்டுகளில் இவ்வினாக்களைத் தம் மேசையின் மேலேயே காண்பார்கள். பிற துறை மாணவர்களும் கம்பெனி தொடங்கும் நாளிலோ மனை வாங்கும் நாளிலோ அதே மேசையின் மறுபக்கத்தில் அமர்வார்கள். ஆதலின் இஃது அனைவரும் அறியத்தக்க பொருளே.

சலவை நடைபெறும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அதிகாரி ஒருவர் ஒப்பந்தக்காரரிடமிருந்து 2 கோடி ரூபாய் கையூட்டுப் பெறுகின்றார். பணம் நோட்டுக் கட்டுகளாக வீட்டில் இருக்கின்றது. அதைச் சிறு சிறு தொகைகளாகப் பிரித்து, உறவினர், வேலைக்காரர் ஆகியோரின் வங்கிக் கணக்குகளில் செலுத்துகின்றார். இது முதற்படி, பணத்தை வங்கி உலகத்தினுள் நுழைத்தல்.

அடுத்து மூன்று கம்பெனிகள் தோன்றுகின்றன. அவற்றிற்குக் கடை இல்லை, ஆலை இல்லை, ஆட்கள் இல்லை. ஒன்றின் டைரக்டர் அதிகாரியின் காரோட்டி; மற்றொன்றின் டைரக்டர் அவர் வீட்டுச் சமையற்காரர். மூன்றிற்கும் ஒரே முகவரி. முதல் கம்பெனி இரண்டாவதற்குக் கடன் கொடுக்கின்றது. இரண்டாவது மூன்றாவதன் பங்குகளைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குகின்றது. இது இரண்டாம் படி; வந்த வழி தெரியாதவாறு அடுக்கின் மேல் அடுக்காகப் போர்த்துதல்.

இறுதியில் மூன்றாவது கம்பெனி நகரத்தில் நல்ல வீடொன்றை விலைக்கு வாங்குகின்றது. அதிகாரி அவ்வீட்டில் வாடகைக்கு இருப்பவர்போல் குடியேறுகின்றார். இது மூன்றாம் படி. வெளுத்த பணத்தை நேர்மையான பொருளாதாரத்தோடு கலத்தல்.

இம்மூன்று படிகளிலும் தாள்கள் எத்தனை தேவைப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். கம்பெனிகளைப் பதிவு செய்யும் விண்ணப்பங்கள், முகவரிச் சான்று, ஆண்டுக் கணக்குகள், பங்கின் விலையை மதிப்பிட்ட சான்றிதழ், கடன் ஒப்பந்தம், விற்பனைப் பத்திரம், வாடகைப் பத்திரம். இவற்றை அதிகாரியும் எழுதவில்லை. அவருடைய காரோட்டியும் எழுதவில்லை. சட்டமும் கணக்கும் கற்ற ஒருவரே எழுதியிருத்தல் வேண்டும். வங்கி எழுத்தர் காண்பது முடிந்துபோன தாளை மட்டுமே. அத்தாள் உருவான அறையில் அமர்ந்திருந்தவர் கணக்கரோ வழக்கறிஞரோ ஆவர். உலக அரங்கில் இவ்விரு தொழிலினரையும் 'வாயில் காப்போர்' என்று அழைப்பதன் காரணம் இதுதான். வாயில் திறவாவிடில் அழுக்குப் பணம் உள்ளே செல்வது கடினம்.

இது வெறும் கற்பனையன்று என்பதை 2016 ஆம் ஆண்டில் உலகம் கண்டது. பனாமா நாட்டில் இயங்கிய மொசாக் பொன்சேகா என்னும் சட்ட நிறுவனத்தின் 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள் வெளிப்பட்டன. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் கம்பெனிகளையும் அறக்கட்டளைகளையும் பற்றிய செய்திகள் அவற்றில் இருந்தன. அவற்றுள் பல சட்டத்திற்கு உட்பட்டவையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் உண்மையான உரிமையாளரின் பெயரை மறைப்பதே ஒரு தொழிலாக நடைபெறக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி ஐயமற உணர்த்தியது. நம் நாட்டிலும் ஆண்டுக்கணக்குகளைத் தாக்கல் செய்யாது பெயரளவில் இருந்துவந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் 2017 இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அவை அனைத்தும் குற்றக் கம்பெனிகள் என்று கூறுதல் தவறு. ஆனால் பலவற்றின் பதிவுத் தாளிலும் தொழிலறிஞர் ஒருவரின் கையெழுத்து இருந்திருக்கும் என்பதை மறத்தலாகாது.

உலக நெறியும் நம் சட்டமும்

1989 ஆம் ஆண்டில் பாரிசில் கூடிய ஏழு பெருநாடுகளின் மாநாடு, நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்னும் அமைப்பைத் தோற்றுவித்தது. மறு ஆண்டே அக்குழு 40 பரிந்துரைகளை வெளியிட்டது. தொடக்கத்தில் அவற்றின் நோக்கு வங்கிகளைப் பற்றியதாகவே இருந்தது. வங்கிகளின் காவல் இறுகியபோது, சலவைக்காரர் வேறு வாயில்களைத் தேடினர். ஆதலின் 2003 இல் பரிந்துரைகளைத் திருத்தியபோது, வழக்கறிஞர், கணக்கர், நிலத் தரகர், நகை வணிகர் போன்றோரும் சேர்க்கப்பட்டனர். இந்தியா அக்குழுவில் முழு உறுப்பு நாடாகச் சேர்ந்தது 2010 இல்.

நம் நாட்டின் பணச் சலவைத் தடுப்புச் சட்டம் 2002 இல் இயற்றப்பட்டு, 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றத்தால் வந்த பொருள் என்று அறிந்தும் அதை மறைக்கவோ, வைத்திருக்கவோ, நேர்மையான பொருளாகக் காட்டவோ உதவுகின்ற எவரும் இச்சட்டத்தின் 3 ஆம் பிரிவின்படி குற்றவாளியே. தண்டனை பொதுவாக 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல். இதில் வழக்கறிஞருக்கும் கணக்கருக்கும் எவ்வித விலக்கும் இல்லை; என்றும் இருந்ததில்லை.

ஆனால் குற்றத்திற்கு உடந்தையாகாதிருத்தல் வேறு. குற்றத்தைக் கண்காணித்து அறிவித்தல் வேறு. முன்னது எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான கடமை. பின்னது, 'அறிக்கை தரவேண்டியோர்' என்று சட்டம் குறிப்பிடுகின்ற வங்கி முதலியவற்றிற்கு மட்டும் உரிய தனிக் கடமை. 2023 மே 3 ஆம் நாள் வெளியான அறிவிக்கையால், தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்ற பட்டயக் கணக்கர், கம்பெனிச் செயலர், செலவுக் கணக்கர் ஆகிய மூவரும் இத்தனிக் கடமையின் கீழ்க் கொணரப்பட்டனர்.

அவர்கள் செய்யும் எல்லா வேலைகளுக்கும் இக்கடமை பொருந்துவதில்லை. கட்சிக்காரரின் சார்பில் கீழ்க்காணும் ஐந்து வகைப் பணக் காரியங்களைத் தாமே நடத்தும்போது மட்டும் பொருந்தும்.

முதலாவது, அசையாச் சொத்தை வாங்குதல் அல்லது விற்றல். இரண்டாவது, கட்சிக்காரரின் பணம், பத்திரங்கள், பிற சொத்துகள் ஆகியவற்றை நிர்வகித்தல். மூன்றாவது, அவருடைய வங்கிக் கணக்குகளையோ பத்திரக் கணக்குகளையோ நடத்துதல். நான்காவது, கம்பெனியைத் தோற்றுவிக்கவோ நடத்தவோ வேண்டிய முதலைத் திரட்டுதல். ஐந்தாவது, கம்பெனி, கூட்டு நிறுவனம், அறக்கட்டளை ஆகியவற்றைத் தோற்றுவித்தல், நடத்துதல், தொழில் நிறுவனங்களை வாங்குதல், விற்றல்.

கணக்குத் தணிக்கை இப்பட்டியலில் இல்லை. வருமான வரிப் படிவம் நிரப்பித் தருதலும், வரி அதிகாரியின் முன் கட்சிக்காரருக்காக வாதிடுதலும் இல்லை. அறிவுரை கூறுபவராக இருக்கும்வரை கணக்கர் இக்கடமைக்கு வெளியே நிற்கின்றார். கட்சிக்காரரின் கையாகி அவருடைய பணத்தைத் தொடும் நொடியில் உள்ளே வருகின்றார். இந்த வேறுபாட்டை மாணவர்கள் நன்கு மனத்தில் இருத்தல் வேண்டும். மேலே செல்லச் செல்ல இது மீண்டும் மீண்டும் பயன்படும்.

உள்ளே வந்தவருக்கு உரிய கடமைகள் யாவை? கட்சிக்காரர் இன்னார் என்பதைச் சான்றுகளால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கம்பெனியாயின் அதன் உண்மை உரிமையாளர் யாவர் என்று கண்டறிய வேண்டும். 10 விழுக்காட்டிற்கு மேற்பட்ட பங்கையோ ஆதாயத்தையோ உடையவரை உண்மை உரிமையாளர் என்று இப்போதைய விதி கொள்கின்றது. ஆவணங்களை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கக் கைமாற்றங்களையும், தொகை எவ்வளவாயினும் ஐயத்திற்கு இடமான காரியங்களையும் நிதி உளவுப் பிரிவிற்கு அறிவிக்க வேண்டும். இப்பிரிவு 2004 இல் நடுவண் அரசால் நிறுவப்பட்டது. அறிவித்த செய்தியைக் கட்சிக்காரருக்குச் சொல்லுதல் கூடாது. கடமையில் தவறினால், ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் முதல் 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அதே வேளையில், சட்டப்படி அறிவித்தவர் மீது கட்சிக்காரர் வழக்குத் தொடுக்க இயலாதவாறு 14 ஆம் பிரிவு காப்பும் தருகின்றது.

"கட்சிக்காரரின் மறைபொருளைக் காப்பது கணக்கரின் தொழில் நெறியன்றோ?" என்று கேட்கலாம். உண்மை. பட்டயக் கணக்கர் சட்டம், 1949, மறைபொருளை வெளியிடுவதை ஒழுக்கத் தவறு என்றே கூறுகின்றது. ஆயினும் நாட்டின் சட்டம் கோரும்போது வெளியிடலாம் என்னும் விலக்கும் அதிலேயே உள்ளது. ஆகவே கணக்கரைப் பொறுத்தவரை நெறிக்கும் சட்டத்திற்கும் முரண் இல்லை.

வழக்கறிஞரின் நிலை

வழக்கறிஞரைப் பற்றிய கேள்வி இதனினும் கடினமானது. 2023 மே 3 அறிவிக்கையில் அவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆறு நாட்கள் கழித்து, மே 9 ஆம் நாள் வெளியான மற்றோர் அறிவிக்கை, பிறருக்காகக் கம்பெனி தோற்றுவித்தல், பிறருக்காக டைரக்டராக இருத்தல், பதிவு முகவரி தருதல், பெயரளவுப் பங்குதாரராக இருத்தல் ஆகியவற்றைத் தொழிலாகச் செய்வோர் அனைவரையும் சேர்த்தது. கம்பெனிப் பதிவின்போது சட்டம் கோரும் உறுதிமொழியை மட்டும் தாக்கல் செய்யும் வழக்கறிஞருக்கும் கணக்கருக்கும் அதில் விலக்குத் தரப்பட்டது. எனவே கட்சிக்காரருக்காக மனை வாங்கித் தருவதும், அவருடைய பணத்தைக் கையாளுவதும் பட்டயக் கணக்கர் செய்தால் கண்காணிப்பிற்கு உட்படும். வழக்கறிஞர் செய்தால் உட்படாது. இவ்வாறு ஒரு செயலுக்கு இரு நிலைகள் ஏற்பட்டுள்ளன.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன் தன் வழக்கறிஞரிடம் அஞ்சாது உண்மையைக் கூற முடியாவிடில், நீதிமன்றத்தில் அவனுக்காக வாதிட எவராலும் இயலாது. அவன் கூறியதை அரசாங்கத்திடம் வழக்கறிஞர் அறிவிக்க வேண்டுமென்றால், அவன் வாய் திறக்க மாட்டான். இதனாலேயே 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 126 ஆம் பிரிவில், கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் கூறியவற்றிற்குக் காப்பளித்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம், 132 ஆம் பிரிவில் அதே காப்பைத் தொடர்கின்றது. இக்காப்பு வழக்கறிஞரின் சொத்தன்று, கட்சிக்காரரின் உரிமை. அதற்கு எல்லையும் உண்டு. சட்ட விரோதமான நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகக் கூறப்பட்டவற்றிற்கு இக்காப்பு இல்லை. தம்மை அமர்த்திய பிறகு குற்றமோ வஞ்சகமோ நடந்ததை வழக்கறிஞர் தாமே கண்டறிந்தால், அச்செய்திக்கும் இல்லை.

இவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதை 2025 இல் கண்டோம். அவ்வாண்டு ஜூன் திங்களில், கட்சிக்காரருக்குச் சட்டக் கருத்து வழங்கியது தொடர்பாக இரு மூத்த வழக்கறிஞர்களுக்கு அமலாக்க இயக்குநரகம் சம்மன் அனுப்பியது. நாடெங்கும் வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. சம்மன்கள் திரும்பப் பெறப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்விவகாரத்தை எடுத்துக்கொண்டு, 2025 அக்டோபர் 31 ஆம் நாள் தீர்ப்பளித்தது. வழக்கின் விவரங்களை அறிவதற்காகக் கட்சிக்காரரின் வழக்கறிஞரை அழைத்தல் கூடாது. 132 ஆம் பிரிவின் விலக்குகளுள் ஒன்று பொருந்துவதாயின், அவ்விலக்கு இன்னதென்று சம்மனிலேயே குறிப்பிட்டு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்துமூலமான இசைவுடன் மட்டுமே அழைக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை வரவேற்க வேண்டும். பணச் சலவைச் சட்டத்தின் கீழ்க் கைதாகிறவருக்குப் பிணை கிடைப்பது எளிதன்று; 45 ஆம் பிரிவின் கடுமையான நிபந்தனைகளை 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. அத்தகைய வலிமை வாய்ந்த சட்டத்தை எதிர்த்து நிற்பவனுக்கு, அஞ்சாத வழக்கறிஞர் ஒருவரே துணை. அத்துணையைப் பறித்தால், குற்றவாளியோடு குற்றமற்றவனும் அழிவான்.

பிற நாடுகள் கண்ட வழிகள்

ஆனால் இக்காப்பைக் காரணம் காட்டி, வழக்கறிஞர் எச்செயல் செய்தாலும் கண்காணிப்பே வேண்டாம் என்று கூறலாமா? இவ்விடத்தில் பிற நாடுகளின் அனுபவம் நமக்கு விளக்கம் தருகின்றது.

ஐரோப்பாவில் 2001 ஆம் ஆண்டின் கட்டளையால் வழக்கறிஞருக்கும் அறிவிக்கும் கடமை விதிக்கப்பட்டது. பெல்ஜிய நாட்டு வழக்கறிஞர் சங்கங்கள் அதை எதிர்த்தன. 2007 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அக்கடமையை ஏற்றுக்கொண்டது. அது கூறிய காரணம் கருதத்தக்கது. சொத்து வாங்குதல், கம்பெனி அமைத்தல் போன்ற பணக் காரியங்களுக்கு மட்டுமே அக்கடமை உண்டு. நீதிமன்ற வழக்கு என்று வந்துவிட்டால் அக்கடமை நின்றுவிடும். ஆகவே நேர்மையான விசாரணைக்குரிய உரிமைக்கு ஊறு இல்லை என்றது.

பிரான்சு நாடு மற்றொரு தடுப்பையும் வைத்தது. அங்கு வழக்கறிஞர் தம் ஐயத்தை நேரே அரசாங்கத்திடம் அறிவிப்பதில்லை. தம் வழக்கறிஞர் சங்கத்தின் தலைவரிடம் அறிவிக்கின்றார். மறைபொருள் எதுவும் வெளிப்படவில்லை என்று அவர் ஆராய்ந்த பின்னரே செய்தி அரசாங்கத்திற்குச் செல்லும். 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இம்முறையை ஏற்றபோது, இச்சல்லடையை முக்கியமான காரணமாகக் குறிப்பிட்டது.

கனடாவில் நேர்மாறாக நிகழ்ந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 பிப்ரவரியில், வழக்கறிஞருக்குப் பொருந்திய விதிகளைச் செல்லாதவை என்று தள்ளிற்று. வழக்கறிஞர் அலுவலகத்தைச் சோதனையிடும் அதிகாரமும், ஆவணம் திரட்டும் கடமையும் கட்சிக்காரரிடம் அவர் கொண்டுள்ள பற்றுறுதியைக் குலைப்பன என்பது தீர்ப்பு. ஆயினும் கனடாவின் வழக்கறிஞர் கழகங்கள் கைகட்டி நிற்கவில்லை. ஒரு காரியத்தில் 7,500 கனடிய டாலருக்கு மேல் ரொக்கம் பெறுதல் கூடாது. கட்சிக்காரர் இன்னார் என்பதை உறுதி செய்தல் வேண்டும் என்று தாமே விதி வகுத்தன. அரசாங்கத்திற்கு அறிவிப்பதில்லை, ஆனால் அழுக்குப் பணத்தைத் தொடுவதுமில்லை என்பது அவர்கள் கண்ட வழி.

இவற்றால் தெளிவாவது யாது? பேச்சுக்குக் காப்பு வேண்டும். பணத்தைக் கையாளும் செயலுக்குக் கண்காணிப்பு வேண்டும். கண்காணிப்பின் எல்லைக்கோடு, ஒருவர் அணியும் கறுப்பு அங்கியைப் பின்பற்றாமல் அவர் செய்யும் காரியத்தைப் பின்பற்ற வேண்டும். இங்கிலாந்தில் மனை விற்பனைத் தொகை சொலிசிட்டரின் கணக்கு வழியாகவே கைமாறுவது வழக்கம். இந்திய வழக்கறிஞரிடம் அவ்வழக்கம் பரவலாக இல்லை. ஆகவே இங்கே தீமையின் அளவு சிறிதாயிருக்கலாம். எனினும் மூன்று வாயில்களை அடைத்து நான்காவதைத் திறந்து வைத்தால், கள்வர் நான்காவதையே நாடுவர். கனடாவின் வழியையேனும் நம் வழக்கறிஞர் மன்றங்கள் மேற்கொள்ளுதல் நன்று.

மேற்பார்வை செய்ய வேண்டியவர் யார்?

இனி இறுதி வினா. கடமையை விதித்தாயிற்று. அது நிறைவேறுகின்றதா என்று பார்ப்பவர் யார்? 2023 ஜூலையில் நிதி உளவுப் பிரிவு, கணக்கருக்கும் கம்பெனிச் செயலருக்கும் வழிகாட்டும் நெறிகளை வெளியிட்டது. மேற்பார்வையில் அவர்களுடைய சொந்தத் தொழிற் கழகங்களுக்கே பெரும்பங்கு தரப்பட்டுள்ளது.

இதில் நன்மை உண்டு. தொழிலின் நுட்பம் தொழிலினர்க்கே தெரியும். தம் கழகத்தின் கண்டிப்பை உறுப்பினர் மதிப்பர். செலவும் குறைவு. ஆனால் தீமையும் உண்டு. உறுப்பினரின் சந்தாவில் நடந்து, உறுப்பினரின் வாக்கினால் தலைவரைத் தேர்ந்து, உறுப்பினரின் நலனுக்காக அரசாங்கத்தோடு வாதாடுவது கழகம். அதே கழகம் அதே உறுப்பினரைத் தண்டிக்கவும் வேண்டும். ஒருவரே வக்கீலாகவும் நீதிபதியாகவும் அமர்வதை வேறெந்த இடத்தில் ஏற்கின்றோம்?

இங்கிலாந்தின் கதை இதற்குப் பாடம். அங்குச் சட்டத்துறைக்கும் கணக்குத் துறைக்கும் இருபதுக்கும் மேற்பட்ட தொழிற் கழகங்கள் மேற்பார்வை அமைப்புகளாக இருந்தன. ஒவ்வொன்றும் தன் போக்கில் நடந்தது. ஆகவே 2018 இல், இக்கழகங்களை மேற்பார்க்கவே தனி அலுவலகம் ஒன்று நிதி நடத்தை ஆணையத்தினுள் அமைக்கப்பட்டது. அவ்வலுவலகம் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், சில கழகங்கள் மேற்பார்வையே செய்யவில்லை என்பதும், சில கழகங்கள் கண்டிப்பதைக் காட்டிலும் உறுப்பினருக்காகப் பேசுவதையே பெரிதாகக் கருதின என்பதும் வெளிப்பட்டன. பல ஆண்டு ஆலோசனைக்குப் பிறகு, 2025 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசாங்கம், பணச் சலவை பற்றிய மேற்பார்வையைத் தொழிற் கழகங்களிடமிருந்து எடுத்து நிதி நடத்தை ஆணையத்திடமே ஒப்படைக்க முடிவு செய்ததாக அறிவித்தது.

இங்கிலாந்து வரை செல்லவேண்டுவதில்லை. நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2009 ஜனவரி 7 ஆம் நாள், சத்தியம் கம்பியூட்டர் கம்பெனியின் தலைவர், தம் கணக்குகளில் காட்டிய பல்லாயிரம் கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று தாமே எழுதினார். ஆண்டுதோறும் தணிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்குகள் அவை. பெருங் கம்பெனிகளின் தணிக்கையாளரைக் கழகம் மட்டும் கண்காணித்தால் போதாது என்னும் எண்ணம் வலுத்தது. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் தன் 132 ஆம் பிரிவில், தேசிய நிதி அறிக்கை ஆணையம் என்னும் தனி அமைப்பிற்கு வழி செய்தது. 2018 அக்டோபர் 1 முதல் அது நிறுவப்பட்டது. தணிக்கையில் ஏற்றுக்கொண்ட இக்கொள்கையைப் பணச் சலவைத் தடுப்பில் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் தோன்றவில்லை. நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2024 செப்டம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கை, இந்தியாவின் முயற்சிகளைப் பல வகையில் பாராட்டிற்று. அதே அறிக்கைதான், நிதித்துறை சாராத தொழில்களின் மேற்பார்வையும் தடுப்பு நடவடிக்கைகளும் இன்னும் மேம்பட வேண்டும் என்றும் கூறியது.

உடனே எல்லாவற்றையும் கழகங்களிடமிருந்து பறித்துவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. முதற்படியாக, கழகங்கள் ஆண்டுதோறும் எத்தனை அலுவலகங்களை ஆய்ந்தன, எத்தனை குறைகளைக் கண்டன, என்ன நடவடிக்கை எடுத்தன என்பதைப் பொதுமக்கள் காண வெளியிடட்டும். கழகத்தின் மேற்பார்வையை மேற்பார்க்க, உறுப்பினரின் வாக்கிற்குக் கட்டுப்படாத அமைப்பொன்று இருக்கட்டும். அதன் பின்னும் பயன் விளையாவிடில், இங்கிலாந்தின் முடிவு நமக்கும் வந்தே தீரும். வேலியே பயிரை மேய்கின்றது என்னும் பழி ஒரு தொழிலுக்கு வருமுன், வேலியைச் செப்பனிடுவது தொழிலினரின் நன்மைக்கே ஆகும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

நாளை வழக்கறிஞராகவோ கணக்கராகவோ அமரப்போகும் தோழர்கள் இச்சட்டத்தின் பிரிவு எண்களை மறந்தாலும் மறக்கலாம். ஆனால் கட்சிக்காரர் ஒருவர் கம்பெனி அமைக்கவோ சொத்து வாங்கவோ வரும்போது, நான்கு வினாக்களை மறவாதிருக்க வேண்டும். இவர் யார்? இவருக்குப் பின்னால் உண்மையான உரிமையாளர் வேறெவரேனும் இருக்கின்றாரா? இப்பணம் எவ்வழியில் வந்தது? இவ்வேலைக்கு இத்தனை சுற்றுவழி ஏன் வேண்டும்?

இவ்வினாக்களுக்கு நேர்மையான கட்சிக்காரர் பெரும்பாலும் விடை வைத்திருப்பார். விடை இல்லாதவர் சினங்கொள்வார். அல்லது வழக்கமான கூலியைவிட மும்மடங்கு தருவதாகச் சொல்வார். தொழிலின் தொடக்க ஆண்டுகளில், வாடகையும் கடனும் நெருக்கும் வேளையில், அந்த மும்மடங்குக் கூலியை மறுப்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். வேலை தேடி ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து, அறிமுகமற்ற பெருநகரில் அலுவலகம் தொடங்கப்போகும் நம்மவர்க்கு அது இன்னும் கடினம். ஆயினும் அத்தகையவருக்காக எழுதிக் கொடுத்த தாளில் இருப்பது அவருடைய பெயரன்று. காரோட்டியின் பெயரும் சமையற்காரரின் பெயரும் இருக்கும். அவற்றின் கீழே நம்முடைய கையெழுத்து இருக்கும். விசாரணை வரும் நாளில் முதலில் தேடப்படுவது அக்கையெழுத்திற்கு உரியவரே.

கட்சிக்காரர் தம் குற்றத்தைச் சொல்லி, நீதிமன்றத்தில் துணை நிற்குமாறு வேண்டினால், துணை நிற்பதும் அவர் மறைபொருளைக் காப்பதும் வழக்கறிஞரின் அறம். அவர் தம் குற்றத்தின் பணத்தை மறைத்துத் தருமாறு வேண்டினால், எழுந்து கதவைக் காட்டுவது அவ்வறத்தின் மறுபாதி. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பதும் தொழிற்கல்வியின் ஒரு பகுதியே. அதைத் தேர்வுத்தாள் நம்மிடம் கேளாவிட்டாலும், நாமே இப்போதிருந்து கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.